உங்களுக்குத் தெரியுமா? அடுப்புக்கரி ஆகாயம் ஏறிய கதை

தர்மபுரிப் பக்கம் கம்பைநல்லூரில் என் பெரியம்மா வீட்டில் காஸ் அடுப்பு உண்டு. காபி, குழம்பு, தாளிப்பு எல்லாம் அதில்தான். கேழ்வரகுக் களி என்றால் மட்டும் கொல்லைப்பக்கத்து விறகடுப்புக்குப் போய்விடுவார். பெரிய பானை, துடுப்பு போட்டு இரண்டு கையாலும் கிண்ட வேண்டும், காஸ் அடுப்பின் மேல் அந்தப் பானை ஆடும் என்பது அவர் வாதம். காஸ் களிக்கு ருசி கிடையாது என்பது இரண்டாவது வாதம். முதலாவதையாவது மறுக்கலாம், இரண்டாவதை மறுக்கத் தைரியம் இல்லை. புளிய விறகு புகைந்து, ஓட்டு இடுக்கு வழியாக வெளியேறி, தென்பெண்ணைப் பக்கம் மெல்ல நகர்ந்து மறைகிறது. மறைந்த புகை எங்கே போகிறது என்று தேடியதில் கிடைத்தவைதான் இந்த வாரத் துணுக்குகள்.

◆ மை டப்பாவில் ஒரு விஞ்ஞானம்

விளக்கெண்ணெய் விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்து, அதில் படியும் கரியை வழித்துக் குழந்தைக்கு மை கூட்டுவார்களே, அந்தக் கரியைத்தான் காற்று மாசு ஆய்வாளர்கள் உலகம் முழுக்கத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வைத்திருக்கும் பெயர் கருங்கரி. எண்ணெயோ விறகோ டீசலோ முழுசாக எரியாமல் அரைகுறையாக எரிந்தால் மிஞ்சுவது இது. கறுப்பு என்பதால் வெயிலை விழுங்கிச் சூடாகும். கறுப்புக் குடை வெயிலில் சுடுவதும் இதே சங்கதிதான். தட்டில் படிந்தால் மை. படியத் தட்டு இல்லாவிட்டால் நேராக ஆகாயம்.

◆ அடுப்பா, 400 சிகரெட்டா?

கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1981-இல் குஜராத் கிராமங்களுக்குப் போய், சமைக்கும் பெண்கள் மூச்சில் இழுக்கும் புகையை அளந்தார். அதுவரை காற்று மாசு என்றாலே தொழிற்சாலை, கார், லண்டன் பனிப்புகை என்றுதான் உலகம் நினைத்திருந்தது. அடுப்பங்கரையில் அளக்க வேண்டும் என்று அநேகமாக யாருக்கும் தோன்றவில்லை. அவர் பிற்காலத்தில் அடிக்கடி சொன்ன ஒப்பீடு: திறந்த விறகடுப்பு ஒரு மணி நேரம் எரிந்தால், 400 சிகரெட் எரிந்த அளவுக்குப் புகை. ஊருக்கு முன்னால் பீடி பற்றவைக்காத பெரியம்மாக்கள் கணக்கில் இதை எங்கே எழுதுவது?

◆ வாத்தியார் பேச்சைக் கேட்காத பையன்

அந்தக் கரியை ஆகாயத்தில் துரத்தியவர்களில் முக்கியமானவர் ஒரு தமிழர். வீரபத்ரன் ராமநாதன், 1944-இல் சென்னையில் பிறந்தவர். 11 வயதில் குடும்பம் பெங்களூருக்கு மாற, தமிழ் வழியில் படித்த பையன் திடீரென்று ஆங்கில வழிப் பள்ளியில் உட்கார்ந்தான். பாடம் புரியவில்லை. வாத்தியார் சொல்வதைக் கேட்கும் பழக்கமே அப்போது போய்விட்டது, எதையும் தானாகவே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் முதுநிலை, பிறகு அமெரிக்கா. பொறியியல் படிக்கலாம் என்று போனவரைப் பேராசிரியர் செவ்வாய், வெள்ளிக் கிரகங்களின் வளிமண்டலத்தைப் படிக்க வைத்துவிட்டார். பூமியின் காற்றுக்கு அவர் வந்தது அங்கிருந்துதான்.

◆ ஃபிரிட்ஜில் கசிந்தது

நடுவில் ஒரு வேலை. அண்ணாமலைப் படிப்பு முடிந்ததும் செகந்திராபாத்தில் ஃபிரிட்ஜ் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார் ராமநாதன். ஃபிரிட்ஜுக்குள் குளிரூட்டும் வாயு ஏன் கசிகிறது என்று கண்டுபிடிப்பது வேலை. பிடிக்காமல் விட்டுவிட்டுப் போனார். அந்த வாயுக் குடும்பத்துக்குக் குளோரோஃபுளோரோ கார்பன் என்று பெயர்.

1974-இல் மோலினா, ரோலண்ட் என்ற இருவர் இந்த வாயு ஓசோன் படலத்தை அரிக்கும் என்று எழுதினார்கள். ராமநாதனுக்குப் பழைய வேலை நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவர் கேட்ட கேள்வி வேறு: இது ஓசோனை அரிப்பது இருக்கட்டும், பூமியின் வெப்பத்தை என்ன செய்யும்? கணக்குப் போட்டுப் பார்த்தபோது வந்த விடையை அவராலேயே நம்ப முடியவில்லை. இந்த வாயுவின் ஒரே மூலக்கூறு, கார்பன் டை ஆக்ஸைடின் 10,000 மூலக்கூறுகளுக்குச் சமமாக வெப்பத்தைப் பிடித்து வைக்கும். 1975-இல் ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரை வந்தது. புவி சூடாவதற்குக் கார்பன் டை ஆக்ஸைடு ஒன்றுதான் காரணம் என்ற எண்ணம் அன்றோடு போனது.

அந்த வாயுவை ஒழிக்க மாண்ட்ரியலில் 1987-இல் உடன்படிக்கை வந்தது. ஓசோனுக்காகப் போட்டது. ஆனால் சூட்டையும் சேர்த்துக் குறைத்தது. மாற்றாக வந்த வாயுக்கள் ஓசோனைத் தொடாவிட்டாலும் சூட்டைப் பிடித்தன. அவற்றையும் குறைப்பதற்கு 2016-இல் ருவாண்டாவின் கிகாலியில் இன்னொரு திருத்தம். ஒரு தொழிற்சாலையில் ஒரு இளைஞருக்குப் பிடிக்காத வேலை, எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள்.

◆ தேதி குறித்த ஜோசியம்

1980-இல் ராமநாதனும் மேடன் என்பவரும் சேர்ந்து ஒன்று எழுதினார்கள்: புவி சூடாவது 2000-ஆம் ஆண்டுக்குள் அளவுகளில் தெளிவாகத் தெரிந்துவிடும். 2001-இல் ஐ.நா.வின் காலநிலைக் குழு அறிக்கை ‘தெரிகிறது’ என்றது. தேதியோடு சொல்லிப் பலித்த ஆரூடங்கள் ரொம்பக் குறைவு.

◆ மாலத்தீவுக்கு மேலே நம் சமையலறை

ஜனவரி முதல் மார்ச் வரை நம்மூரில் காற்று வடகிழக்கிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். மழை இருக்காது, புகையைக் கழுவ ஆளில்லை. 1999-இல் அந்த மூன்று மாதங்களைத் தேர்ந்தெடுத்து, ராமநாதனும் நோபல் பரிசு பெற்ற பால் குருட்சனும் தலைமை தாங்க, 200-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் மாலத்தீவில் இறங்கினார்கள். கப்பல், விமானம், பலூன், செயற்கைக்கோள், எல்லாம் வந்தன. நடுக்கடலில் காற்று பளிங்காக இருக்கும் என்று நினைத்துப் போனவர்களுக்குக் கிடைத்தது வேறு. தெற்காசியாவிலிருந்து கிளம்பிய பழுப்பு நிறப் புகைமண்டலம் அரபிக்கடல், வங்கக்கடல் தாண்டி நிலநடுக்கோடு வரை விரிந்து கிடந்தது. தடிமன் சுமார் 3 கிலோமீட்டர். அதற்குக் கீழே கடலுக்குப் போகும் வெயில் சில இடங்களில் 10 சதவீதம் வரை குறைந்திருந்தது.

அதில் என்ன இருந்தது? டீசல் கரி, நிலக்கரிச் சாம்பல், கந்தகம், காட்டுத்தீ, கூடவே வரட்டியும் விறகும். இந்தியாவின் கருங்கரிக் கணக்கில் வீட்டு அடுப்பு எவ்வளவு பெரிய பங்கு என்பதை, மும்பை ஐ.ஐ.டி.யின் சந்திரா வெங்கடராமன் குழு 2005-இல் ‘சயின்ஸ்’ இதழிலேயே எடுத்துக் காட்டியது. ஒரு அடுப்புப் புகை ஒன்றுமில்லை. கோடி அடுப்புப் புகை, கடலின் மேல் ஒரு கூரை.

முதலில் இதற்கு ஆசியப் பழுப்பு மேகம் என்று பெயர் வைத்தார்கள். இந்தியாவில் கோபம் கிளம்பியது. பெட்ரோலைக் காலம் காலமாகக் கொளுத்தியவர்கள் நம் பாட்டிகளின் அடுப்பைக் கைகாட்டுகிறார்கள் என்ற கோபம். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. பிற்பாடு பெயரிலிருந்து ஆசியாவை எடுத்துவிட்டு, வளிமண்டலப் பழுப்பு மேகங்கள் என்று மாற்றினார்கள். பெயர் மாறியது, மேகம் அங்கேயேதான்.

◆ அடுக்கிப் பறந்த மூன்று பொம்மைகள்

மேகம் காற்றைச் சூடாக்குகிறதா, குளிர்விக்கிறதா? தெரிந்துகொள்ள ஒரே நேரத்தில் அதற்கு மேலே, உள்ளே, கீழே அளக்க வேண்டும். 2006 மார்ச்சில் மாலத்தீவில் ஆளில்லாக் குட்டி விமானங்கள் மூன்றை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் பறக்கவிட்டார் ராமநாதன். கல்யாண வீட்டுப் படப்பிடிப்புக்கு ட்ரோன் வருவதற்கு ரொம்ப முன்னால். விடை: மேகத்துக்குள் இருக்கும் காற்று சூடாகிறது.

◆ கரிக்கு நேர் எதிரி

எல்லாத் தூசியும் சுடாது. நிலக்கரியில் இருக்கும் கந்தகம் எரிந்து காற்றில் வெளிறிய நுண்துகளாக மாறும்போது, அது வெயிலைத் திருப்பி அனுப்பும். அதனால் பூமி கொஞ்சம் குளிரும். நமக்கு அடுத்தாற்போல் மேட்டூர் அனல்மின் நிலையம் இருக்கிறது. அங்கே எரிவதைப் போன்ற இந்திய நிலக்கரியில் 100 கிலோவுக்கு 30 முதல் 45 கிலோ வரை சாம்பல்தான். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வெளியே போகிறது. வீட்டில் ஒரு 1000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் அந்த ஒரு யூனிட் ஆயிற்று.

சிக்கல் இங்கேதான். கந்தகத் துகளைச் சுத்தம் செய்தால் நுரையீரலுக்கு நல்லது. ஆனால் அதன் நிழலில் மறைந்திருந்த சூடு வெளியே வரும். முகத்திரையை எடுத்தால் உண்மை முகம் தெரிவது மாதிரி. இதற்காகப் புகையை அப்படியே விட்டுவிடலாம் என்று எந்த விஞ்ஞானியும் சொல்லவில்லை. கரியையும் சேர்த்துக் குறையுங்கள் என்றுதான் ராமநாதன் சொன்னார்.

◆ ஒரு வாரம், ஒரு யுகம்

கருங்கரி காற்றில் தங்குவது ஏறக்குறைய ஒரு வாரம். மழை வந்தால் அதற்கும் முன்னாலேயே இறங்கிவிடும். மீத்தேன் ஒரு டஜன் வருஷம். கார்பன் டை ஆக்ஸைடில் ஒரு பகுதி நூற்றாண்டுகள் தாண்டியும் போகாது. ஆக, இன்று கார் ஓட்டாமல் இருந்தால் பலனைப் பேரன் பார்ப்பான், இன்று அடுப்புப் புகையை நிறுத்தினால் அடுத்த மாதமே வானம் தெரியும். 2020 மார்ச் 25-இல் கொரோனா ஊரடங்கு வந்தது, வண்டிகளும் ஆலைகளும் நின்றன. ஏப்ரல் முதல் வாரத்திலேயே ஜலந்தர் மக்கள் மொட்டை மாடியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கும் தௌலாதார் பனிமலையைப் பார்த்தார்கள். மலை புதிதாக முளைக்கவில்லை.

வெப்பமாக்குவதில் கார்பன் டை ஆக்ஸைடுக்கு அடுத்த இடம் கருங்கரிக்கு என்று 2008-இல் ராமநாதனும் கார்மைக்கேலும் எழுதியிருந்தார்கள். ஐ.நா. குழுவின் 2021 அறிக்கையில் அந்த இரண்டாமிடம் மீத்தேனுக்குப் போனது. விஞ்ஞானத்தில் இப்படி இறக்கி வைப்பதும் நடக்கும், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கொஞ்சம் கோபித்துக்கொள்வார்கள்.

◆ கதிருக்கும் மூச்சு முட்டும்

பழுப்பு மேகமும் புவி வெப்பமும் சேராமல் இருந்திருந்தால் இந்திய நெல் விளைச்சல் கூடுதலாக இருந்திருக்கும் என்று 2006-இல் ஒரு ஆய்வு. 2014-இல் ஜெனிபர் பர்னியும் ராமநாதனும் கோதுமைக்குப் போட்ட கணக்கு இன்னும் அதிர்ச்சி: 2010-இல் இந்தியக் கோதுமை விளைச்சல், மாசும் சூடும் இல்லாதிருந்தால் வந்திருக்கக்கூடியதைவிட 36 சதவீதம் வரை குறைவு. பெரும்பகுதிப் பழி கருங்கரிக்கும் தரைமட்ட ஓசோனுக்கும். கேழ்வரகுக்கு யாராவது இப்படிக் கணக்குப் போட்டால் தர்மபுரிக்காரர்கள் ஆர்வமாகப் படிப்போம்.

◆ புகையில்லா அடுப்பு நேற்று வந்ததல்ல

தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா நடத்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் மகன்வாடியில், வார்தாவில், ‘மகன் சூலா’ என்ற புகைபோக்கி வைத்த அடுப்பு உருவானது. ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தின் எஸ்.பி. ராஜு, கோடிக்கணக்கானவர்களுக்குப் புகையில்லா சமையலறை என்று ஒரு புத்தகமே எழுதினார். அது 1953-இல் சென்னையில் அச்சானது. 1980-களில் மத்திய அரசு நாடு முழுக்கப் புகையில்லா அடுப்பு கட்டிக்கொடுத்தது. புகைபோக்கியில் கரி அடைத்தால் யார் ஏறித் தட்டுவது என்பதை மட்டும் எந்தத் திட்டமும் எழுதி வைக்கவில்லை போலிருக்கிறது. தட்டாத புகைபோக்கி, இல்லாத புகைபோக்கியைவிட மோசம்.

◆ புகைக்கு ஒரு நல்ல வார்த்தை

அடுப்புக்கு மேலே கயிறு கட்டி மக்காச்சோளக் கதிரைத் தொங்கவிட்டு, சுரை விதையை மூட்டை கட்டி வைத்து, அடுத்த விதைப்புக்குக் காப்பாற்றியவர்கள் நம் பாட்டிகள். புகை பட்ட விதையில் வண்டு அண்டாது. வண்டுக்கு ஆகாதது பாட்டிக்கு எப்படி ஆகும் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

◆ போரூரில் ஒரு தராசு

சென்னை போரூரில் ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன், இருபது வருஷங்களுக்கு மேலாகத் தமிழ்நாட்டு அடுப்பங்கரைகளில் கருவி வைத்து அளந்துவருபவர். 2002-இல் வெளியான ஆய்வுக்காக மட்டும் நம் மாநிலத்தில் 400-க்கும் மேற்பட்ட கிராமத்து வீடுகள். இந்தியாவில் 2017-இல் காற்று மாசால் நேர்ந்த சாவு 12.4 லட்சம் என்று கணக்கிட்ட பெரிய ஆய்வின் முதல் ஆசிரியரும் அவர்தான். அதில் வீட்டுப் புகையின் பங்கு மட்டும் சுமார் 4.8 லட்சம்.

அவரும் பங்கெடுத்த இன்னொரு ஆய்வுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அது எதிர்பார்த்த விடையைத் தரவில்லை. இந்தியா, குவாட்டமாலா, பெரு, ருவாண்டா என்று நான்கு நாடுகள், நாட்டுக்குச் சுமார் 800 கர்ப்பிணிகள். நம் பக்கம் விழுப்புரமும் நாகப்பட்டினமும். பாதிப் பேருக்கு இலவச காஸ் அடுப்பு, தீரத் தீர இலவச சிலிண்டர். மீதிப் பேர் வழக்கம்போல் விறகு. காஸ் வீட்டுப் பெண்கள் இழுத்த நுண்துகள் கன மீட்டருக்குச் சுமார் 24 மைக்ரோகிராம், விறகு வீட்டில் 70-க்கு மேல். வித்தியாசம் பிரமாதம். பிறந்த குழந்தைகளின் எடை? காஸ் பக்கம் சராசரி 2,921 கிராம், விறகுப் பக்கம் 2,898. வெறும் 23 கிராம். தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று புள்ளியியல் கையை விரித்துவிட்டது. 2022-இல் முடிவு வெளியானதும் பலருக்கு முகம் தொங்கிப்போனது.

ஆனால் ஒரு சின்னக் கணக்கு. கல்பனா குழு 2018-இல் தமிழ்நாட்டில் சுமார் 1,300 கர்ப்பிணிகளை வைத்துச் சொன்னது: நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால் குழந்தை எடை 4 கிராம் குறையும். அந்த நான்கு நாட்டு ஆய்வில் வித்தியாசம் சுமார் 47 மைக்ரோகிராம். பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 19 கிராம். கிடைத்தது 23. நான் மருத்துவன் அல்ல, பேனாவும் காகிதமும் மட்டும் வைத்திருப்பவன். தராசு பொய் சொல்லவில்லை, நாம்தான் ஒரே அடுப்பிலிருந்து ரொம்ப அதிகமாக எதிர்பார்த்தோம் என்று எனக்குத் தோன்றுகிறது. காஸ் வீட்டுக்காரியும் தெருவிலிருக்கும் மற்ற நூறு அடுப்புகளின் புகையைத்தானே மூச்சில் இழுக்கிறாள்?

◆ முடியில் முப்பதில் ஒன்று

நுண்துகள் என்பது 2.5 மைக்ரானுக்குக் கீழே. தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கு முடிக்குச் சிக்காது. ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம், இந்திய அளவு 40. போகியன்று யார் அளவையும் நாம் பார்ப்பதில்லை. 2018 போகியன்று சென்னையில் புகையால் விமானங்கள் இறங்கமுடியாமல் தவித்தன.

◆ போப்பாண்டவருக்கு இரண்டு வாக்கியம்

ராமநாதன் வாடிகனின் அறிவியல் கழக உறுப்பினர். 2014-இல் போப் பிரான்சிஸிடம் பேச அவருக்குக் கிடைத்த இடம் வண்டிகள் நிறுத்துமிடம், கிடைத்த நேரம் இரண்டு மூன்று வாக்கியம். பணக்காரர்களின் எரிபொருள் செய்யும் கேட்டுக்கு ஏழைகள் அடிபடுகிறார்கள் என்பதை அதற்குள் சொல்லி முடித்தார். அடுத்த வருஷம் சுற்றுச்சூழல் பற்றிப் போப்பின் சுற்றுமடல் வந்தது. இதனால்தான் அது வந்தது என்று சொல்ல மாட்டேன்.

◆ கடைசியாக, ஒரு செல்போன் படம்

பழுப்பு மேகத்தைப் பார்த்துவிட்டு வந்த ராமநாதன், கீழே இறங்கி அடுப்புக்கே வந்தார். உத்தரப்பிரதேசத்துக் கிராமம் ஒன்றில் ‘சூர்யா’ என்ற திட்டம், 2009-ஐ ஒட்டித் தொடங்கியது. தம் பாட்டி விறகும் வரட்டியும் வைத்துச் சமைத்து இருமியதைச் சிறுவயதில் பார்த்தவர் அவர். பேட்டிகளில் அதைச் சொல்லியிருக்கிறார். கரியை அளக்கும் கருவிக்கு விலை அதிகம். மகள் நித்யா ராமநாதன் குழு கண்டுபிடித்த வழி: சமையலறைக் காற்றை வெள்ளை வடிகட்டித் தாள் வழியாக இழுப்பது, கறுத்த தாளை ஒரு சாம்பல் வண்ணப் பட்டியலோடு சேர்த்து செல்போனில் படம் எடுத்து அனுப்புவது. எவ்வளவு கறுப்போ அவ்வளவு கரி. பிற்பாடு அடுப்பிலேயே உணரி வைத்து, புகை குறைந்த அடுப்பைப் பயன்படுத்தும் நேரத்தைக் கணக்கிட்டு, குறைத்த புகைக்கான காசைப் பெண்களுக்கே கொடுத்துப் பார்த்தார்கள்.

போன மாதம் களி நாளன்று, எனக்கும் ஆசை வந்தது. பெரியம்மா துவையல் அரைத்துக்கொண்டிருந்த நேரம், அடுப்புக்கு மேலே கதிர் தொங்கும் கயிற்றில் ஈரமான வெள்ளைக் கைக்குட்டை ஒன்றைக் கட்டிவிட்டேன். தண்ணீர் கொதித்து, மாவு விழுந்து, துடுப்பு போட்டுக் கிண்டி, உருண்டை பிடித்து முடிக்க முக்கால் மணி நேரம். கைக்குட்டை யானைத் தோல் நிறத்துக்கு வந்திருந்தது. செல்போனில் படம் எடுத்தேன்.

“எதுக்குக் கண்ணு அதைப் படம் பிடிக்கற?”

சொன்னேன். மாலத்தீவு, மேகம், தாள், காசு எல்லாம்.

“வெள்ளைக்காரனுக்கு வேற வேலையில்லையா?”

“வெள்ளைக்காரர் இல்ல பெரியம்மா, நம்ம தமிழ்க்காரர்தான். அவரு பாட்டி வரட்டி வெச்சு ஊதி இருமறதைச் சின்ன வயசுல பாத்திருக்காரு.”

கொஞ்ச நேரம் கைக்குட்டையையே பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் சாம்பல்தான்.

“இத்தனையும் இங்கயா போச்சு?” என்று நெஞ்சைத் தொட்டுக் கேட்டார். பதில் சொல்வதற்குள் அடுப்புத் தணல் அணைந்துவிடும் என்று அவருக்கே நினைவு வந்துவிட்டது. “சரி, அந்த ஊதாங்குழலை எடு.”